எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு

‘வகுப்பறையின் எதிரொலி நேரம் 0.6 வினாடியைத் தாண்டக் கூடாது.’ பள்ளிக் கட்டட வழிகாட்டிகளைத் தமிழாக்குபவர்கள் இந்த வரியை விடாமல் எழுதுகிறார்கள். 0.6 சரி, எதிரொலி தவறு. ஆங்கில மூலத்தில் இருப்பது ரிவெர்பரேஷன். அதற்குத் தமிழ் எதிர்முழக்கம்.

லத்தீனில் ‘வெர்பெர்’ சாட்டை. ‘ரிவெர்பெராரே’ திருப்பி அடித்தல். நம் சொல்லுக்குள் இருப்பது முழங்கு என்னும் வினை. முழவும் அதன் உறவு. வேர்க்கதை இவ்வளவு போதும்.

போன ஒலி தனியாகத் திரும்பி வந்து, இரண்டாவது ஒலியாகக் காதில் விழுந்தால் அது எதிரொலி. அதற்கு 0.1 வினாடி இடைவெளி வேண்டும் என்பது பாடநூல் கணக்கு. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகிறது என்றால், சுவர் 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 9 மீட்டர் நீள வகுப்பறையில் அதற்கு இடமேது? அங்கே சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்தவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பிரித்தறிய முடியாத ஒரே இழுவையாக நீள்கின்றன. ஒலியாற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, அதாவது 60 டெசிபெல் இறங்க, ஆகும் காலம்தான் எதிர்முழக்க நேரம்.

‘எதிரொலி என்றால்தான் எல்லாருக்கும் புரியும்’ என்பது எதிர்த்தரப்பின் வாதம். புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. அந்தச் சொல்லை நம்பியவர் காலி அறையில் கைதட்டுவார். இரண்டாவது தட்டல் கேட்காது. ‘இங்கே எதிரொலி இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். அவர் கேட்டிருக்க வேண்டியது தட்டலுக்குப் பின் இழுபடும் வாலை.

அந்த வால் என்ன செய்கிறது என்பதைத் தமிழை வைத்தே காட்டலாம். ‘பாடம்’, ‘பாட்டம்’ இரண்டையும் பிரிப்பது ஒற்றில் விழும் சிறு மௌனம். முன்னுள்ள ‘பா’ அடங்காமல் நீண்டால் அந்த மௌனம் நிரம்பிவிடும். ‘கால்’, ‘காண்’, ‘காய்’ மூன்றிலும் உயிரின் இழுவை கடைசி மெய்யை மூடும். பின்வரிசைப் பிள்ளைக்கு ‘கா’ மட்டும் மிஞ்சும். தெரிந்த சொல் என்றால் ஊகித்துக்கொள்ளலாம். பாடத்தில் வருவதோ புதுச் சொல். ஒலிபெருக்கி வைத்தாலும் இது தீராது: குரலோடு வாலும் சேர்ந்தே பெருகும்.

தீர்வு ஒலியை உறிஞ்சும் பரப்பில் இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டின் விரிவுரைக் கூடமொன்றில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி இதை அளக்கத் தொடங்கியவர் வாலஸ் சபைன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர். அவர் சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுக்க வேண்டும். சுவர், தரை, கூரை ஒவ்வொன்றின் பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டினால் வருவது உறிஞ்சு பரப்பு. 9×7×3 மீட்டர் அறை 189 கன மீட்டர். பூச்சுச் சுவரும் சிமெண்டுத் தரையும் சராசரியாக 0.03 பங்கே உறிஞ்சும். காலி அறையில் ஏறக்குறைய 4.6 வினாடி வரும். கூரையின் அடிப்பக்கம் முழுவதும் 0.7 பங்கு உறிஞ்சும் பலகை போட்டால் ஏறக்குறைய 0.6-க்கு இறங்கும்.

மாற்றுச் சொற்களில் ‘அதிர்வொலி’ அதிர்வோடு குழம்பும். ‘ரீங்காரம்’ வண்டுக்கு உரியது. ‘மீளொலி’ அழகான சொல்தான், ஆனால் அதுவும் ஒலி ஒரு முறை திரும்பி வருவதையே சொல்கிறது. எதிரொலிக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். முழக்கத்தில் தொடர்ச்சி இருக்கிறது, மங்கிக் கலப்பது இருக்கிறது. இங்கே வேண்டியது அதுதான்.

இந்தப் பலகைகளை ‘ஒலித்தடுப்பு’ என்று எழுதுவது அடுத்த கொடுமை. தடுப்பது என்றால் பக்கத்து அறைச் சத்தம் உள்ளே வராமல் நிறுத்துவது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். உறிஞ்சுவது உள்ளே எழும் ஒலியை. மென்பலகையை ஒட்டிவிட்டுப் பக்கத்து வகுப்பு இன்னும் கேட்கிறதே என்று திகைப்பவரை ஏமாற்றியது பலகை அல்ல, அதற்கு வைத்த பெயர்.

‘அறையின் ஒலியியல் மோசம்’ என்றும் எழுதுகிறார்கள். ஒலியியல் ஓர் அறிவுத்துறை. அறைக்கு இருப்பது ஒலியமைவு.