மீன் தெரியும் இடத்தில் மீன் இல்லை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக டெக்சாஸிலும் லூசியானாவிலும், கோடை இரவுகளில் ஒரு வேட்டை நடக்கும். தட்டையான அடிப்பகுதி கொண்ட அலுமினியப் படகு, அதன் முன்பக்கம் உயர்த்திக் கட்டிய மேடை, மேடையைச் சுற்றித் தண்ணீரை நோக்கிச் சாய்ந்த விளக்குகள். மேடையில் நிற்பவர் கையில் தூண்டில் இல்லை, வில் இருக்கிறது. அம்பின் வாலில் கெட்டியான நூல் கட்டியிருக்கும், நூலின் மறுமுனை வில்லில் பொருத்திய உருளையில் இருக்கும். அவர் தேடுவது பெரும்பாலும் அலிகேட்டர் கார் என்ற மீனை. முதலையினுடையது போல அகன்று பல் நிறைந்த வாய், உடம்பெல்லாம் கவசம் மாதிரி செதில், ஆள் உயரத்தைத் தாண்டும் நீளம். 2011இல் மிசிசிப்பி மாநிலத்தின் சோட்டார்ட் ஏரியில் ஒரு மீனவரின் வலையில் சிக்கிய கார் மீன் 327 பவுண்டு இருந்தது. நம் கணக்கில் சுமார் 148 கிலோ, நீளம் ஏறக்குறைய எட்டரை அடி.

இவ்வளவு பெரிய மீன், பத்தடி தூரத்தில், வெளிச்சத்தில் கிடக்கிறது. அம்பு தவற வழியே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் புதிதாக வில்லெடுப்பவர்களின் அம்பு அநேகமாக மீனுக்கு மேலேதான் போகிறது. கை நடுங்குவதால் அல்ல. மீன் தெரிகிற இடத்தில் மீன் இல்லை.

மீனின் உடம்பில் பட்டுத் திரும்பும் ஒளி தண்ணீரைவிட்டுக் காற்றுக்குள் நுழையும்போது திசை மாறுகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. அதாவது காற்றில் போவதைவிடத் தண்ணீரில் ஒளி அத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது. பரப்பில் சாய்வாக வந்து மோதும் கதிர், வெளியே வரும்போது இன்னும் படுத்துக்கொள்கிறது. நம் கண்ணுக்கும் மூளைக்கும் இந்த வளைவு தெரியாது. கண்ணில் விழுந்த கதிரை அப்படியே நேர்கோட்டில் பின்னோக்கி நீட்டி, அந்தக் கோட்டில் மீனை வைத்துவிடுகின்றன. அதனால் நேர் மேலிருந்து பார்த்தால் மீன் தன் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோலத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே.

எவ்வளவு மேலே என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மீன் கிடக்கிறது, செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்வில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒளி எவ்வளவு வளையும் என்று சொல்லும் ஸ்நெல் விதிப்படி, தண்ணீருக்குள் அந்தக் கதிரின் சாய்வு 32 டிகிரிதான். கண் காட்டும் நேர்கோட்டிலேயே அம்பை விட்டால், மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது அம்பு சுமார் 38 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கும். மீனின் நடு உடம்புக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேலே. இன்னும் தாழ்வாக, 60 டிகிரி சாய்வில் பார்த்தால் பாதி ஆழத்திலேயே கடந்துவிடும். ஆறடி மீன் நீளத்தில் பெரியதுதான். ஆனால் அம்பு தவறுவது மேல்கீழாக, அந்தத் திசையில் மீனின் உடம்பு அவ்வளவு தடிமன் இல்லை.

வில்லாளர்கள் ஸ்நெல் விதியை மனதில் ஓட்டிக்கொண்டு நிற்பதில்லை. அவர்களிடம் 10-4 என்றொரு வாய்பாடு இருக்கிறது. மீன் 10 அடி தூரத்தில் 1 அடி ஆழத்தில் இருந்தால் 4 அங்குலம் கீழே குறி வை. தூரமோ ஆழமோ இரட்டித்தால், கீழே இறக்க வேண்டியதையும் இரட்டித்துக்கொள். வாய்வழியாகப் புழங்கும் இந்த மாதிரி விதி இயற்பியலுக்கு எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. மேடையில் நிற்பவரின் கண் தண்ணீருக்கு 8 அடி மேலே இருப்பதாக வைத்தால், 10 அடி தூரத்துக்கு 5 அங்குலம் வருகிறது. 20 அடிக்கு 7 அங்குலத்துக்குச் சற்று மேல், வாய்பாடு சொல்வது 8. அனுபவத்தில் பிறந்த விதிக்கு இது அருமையான பொருத்தம். ஆனால் 40 அடிக்கு வாய்பாடு 16 அங்குலம் என்கிறது. மீனே 12 அங்குல ஆழத்தில்தான் கிடக்கிறது, பிழை அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. உண்மையான விடை 9 அங்குலத்தை ஒட்டி வரும். ஆழம் கூடினால் பிழையும் அதே விகிதத்தில் கூடும், அது சரி. தூரம் கூடும்போது பிழை ஒரு கட்டத்துக்குமேல் அவ்வளவாக ஏறாது. அவ்வளவு தூரத்தில் அநேகமாக யாரும் எய்வதில்லை என்பதால் வாய்பாடு பிழைத்துக்கொள்கிறது. இந்த வில்களில் பலவற்றில் குறிபார்க்கும் ஊசியே இருக்காது. ஒவ்வொரு மீனுக்கும் ஆழம் வேறு, தூரம் வேறு, சாய்வும் வேறு. ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் ஊசியால் அங்கே என்ன பயன்?

இதே சிக்கலைத் தலைகீழாகத் தீர்க்கும் மீன் ஒன்று உண்டு. இந்தியக் கரையோர அலையாத்திக் காடுகளிலும் வாழும் வில்வீரன் மீன், வாயிலிருந்து நீரைப் பீய்ச்சி, மேலே இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை வீழ்த்துகிறது. அதன் கண் தண்ணீருக்குள், இரை காற்றில். ஒளி எப்படியும் வளையத்தான் செய்கிறது, அந்த மீன் திருத்திக்கொண்டு அடிக்கிறது. எந்த வாய்பாடும் இல்லாமல்!

சரி, இரவு எதற்கு? பகலில் தண்ணீர் பளிச்சென்று மின்னும். அந்த மினுக்கம் வானத்தின் பிரதிபலிப்பு. நேர் மேலிருந்து விழும் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் நீர்ப்பரப்பு திருப்பி அனுப்பும், ஆனால் நன்றாகச் சாய்ந்து விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பிவிடும். தூரத்துத் தண்ணீரைப் பார்க்கும்போது நாம் பெரும்பாலும் வானத்தைத்தான் பார்க்கிறோம். பகலில் வேட்டையாடுபவர்கள் இதனால்தான் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாக இருப்பதால், அந்தக் கண்ணாடி அதை வடிகட்டிவிடும். செங்குத்திலிருந்து 53 டிகிரி சாய்வில் வடிகட்டல் ஏறக்குறைய முழுமையாக நடக்கும், மற்ற சாய்வுகளில் அரைகுறைதான். இரவில் இந்தப் பிரச்சினையே இல்லை. வானம் இருட்டு, திரும்பி வர ஒளி இல்லை. விளக்கைத் தாழ்வாக, கண்ணுக்குக் கீழே, தண்ணீரைப் பார்த்துச் சாய்த்துவிட்டால், பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி வில்லாளரின் கண்ணுக்கு வராமல் எதிர்ப்பக்கம் போய்விடும். உள்ளே போன ஒளி மட்டும் மீனில் பட்டுத் திரும்பும். நல்ல வெயிலில் தெரியாத அடித்தரை இரவில் துல்லியமாகத் தெரிவது இதனால்தான்.

விளக்கின் நிறத்தைப் பற்றி அங்கே ஓயாத விவாதம் நடக்கும். தெளிந்த நீருக்கு வெள்ளை எல்இடி, கலங்கிய ஆற்றுக்கு மஞ்சள் ஒளி என்பது பொதுவான வழக்கம். முன்பு சோடியம் விளக்குகளை ஜெனரேட்டரில் ஓட்டினார்கள். கலங்கல் நீரில் வண்டல் துகள்கள் ஒளியைச் சிதறடித்து ஒரு வெண்திரையை எழுப்பும். விளக்கை வலுவாக்கினால் திரையும் வலுவாகுமே தவிர மீன் தெரியாது. காற்றடித்தால் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு சிற்றலையும் நீர்ப்பரப்பை ஒரு பக்கம் சாய்க்கிறது, கதிர் வளையும் அளவும் நொடிக்கு நொடி மாறுகிறது. மீன் துண்டு துண்டாக ஆடும். ஆகவே காற்று ஒதுங்கிய கரையோரமாகப் போகிறார்கள்.

வேட்டை கோடையில் நடப்பதற்கான காரணம் மீனின் உடம்பில் இருக்கிறது. கார் மீனுக்குச் செவுளோடு, நுரையீரலைப் போல வேலை செய்யும் காற்றுப்பையும் உண்டு. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். கோடையில் தேங்கிய கிளையாறுகளில் செவுளை மட்டும் நம்பியிருக்கும் மீன்கள் திணறும்போது, கார் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த இனத்தைக் காப்பாற்றி வந்த திறமை இது. அதே பழக்கம்தான் அதை விளக்குக்கும் அம்புக்கும் எட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இப்போது அம்பு. தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல எண்ணூறு மடங்குக்கு மேல். அம்பை இழுத்துப் பிடிக்கும் விசையும் அதே வேகத்தில் அத்தனை மடங்கு கூடும். காற்றில் நூறடி பறந்தும் வேகம் அதிகம் குறையாத அம்பு, தண்ணீரில் சில அடிகளுக்குள் செத்துவிடும். இதைச் சமாளிக்க ஒரே வழி எடை. வடிவம் மாறாமல் எடை இரட்டித்தால், வேகம் பாதியாகக் குறைவதற்குள் அம்பு கடக்கும் தூரமும் இரட்டிக்கும். அதனால்தான் மான் வேட்டைக்கான கார்பன் அம்பைவிட மூன்று நான்கு மடங்கு கனமான, பெரும்பாலும் கெட்டி ஃபைபர் கிளாஸில் செய்த அம்புகள். வாலில் இறகு கிடையாது. பின்னால் இழுபட்டு வரும் நூலே அம்பை ஓரளவு நேராக வைத்துக்கொள்ளும், தண்ணீருக்குள் இறகு இருந்தால் அம்பைத் திசை திருப்பிவிடும். நூலை அம்பின் பின்முனையில் நேராகக் கட்டாமல், தண்டின்மேல் வழுக்கி ஓடும் ஒரு சிறு வளையத்தில் கட்டுகிறார்கள். இது பாதுகாப்புக்காக. நூல் எங்காவது சிக்கிக்கொண்டால், பின்முனையில் கட்டிய அம்பு சுண்டி எய்தவர் முகத்துக்கே திரும்பி வரக்கூடும்.

ஆழமும் சாய்வும் இங்கே மறுபடி சேர்ந்துகொள்கின்றன. 60 சென்டிமீட்டர் ஆழத்து மீனை, நீர்ப்பரப்பிலிருந்து 30 டிகிரி மட்டுமே உயர்ந்த கோணத்தில் எய்தால், அம்பு தண்ணீருக்குள் 1.2 மீட்டர் போக வேண்டும். பார்வைப் பிழையும் அங்கேதான் அதிகம், வேக இழப்பும் அங்கேதான் அதிகம். மேடையை உயர்த்திக் கட்டுவதும் மீனுக்கு மிக அருகில் ஓசையில்லாமல் போவதும் இதற்காகவே. போய்ச் சேர்ந்த பிறகும் செதில் இருக்கிறது. கார் மீனின் செதில் வைர வடிவில், ஒன்றோடொன்று பின்னிய எலும்புத் தகடு, மேலே பல்லின் எனாமலை ஒத்த ஒரு பூச்சு. வட அமெரிக்கப் பழங்குடிகள் இந்தச் செதிலையே அம்பு முனையாகப் பயன்படுத்தினார்கள் என்றால் அதன் கடினம் புரியும்.

தூண்டிலுக்கும் வில்லுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. தூண்டிலில் வந்த மீனை அளந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப விட்டுவிடலாம். அம்பு துளைத்து, அதன் கொக்கி முள் உள்ளே விரிந்த மீனை விட முடியாது. முடிவை எய்வதற்கு முன்பே எடுத்தாக வேண்டும், அதுவும் வளைந்த ஒளி காட்டும் உருவத்தை நம்பி. ஒளிவிலகல் மீனின் கிடைமட்ட நீளத்தை மாற்றாது, மேல்கீழ் தடிமனை மட்டும் நசுக்கிக் காட்டும். தண்ணீருக்குள் கிடப்பது எத்தனை கிலோ, எத்தனை வயது என்பதை மேடையிலிருந்து ஒருவரால் சொல்லவே முடியாது.

கோப்பைக்குரிய மீன் என்று எல்லோரும் தேடுவது பெரிய மீனை. கார் இனத்தில் பெரியவை அநேகமாகப் பெண். பெண் கார் முட்டையிடத் தயாராகவே பத்து ஆண்டுகள் அளவில் ஆகிறது. தயாரானாலும் போதாது, ஆறு கரைபுரண்டு, புல்லும் புதரும் உள்ள நிலத்தில் தண்ணீர் ஏறி, சில நாளாவது நிற்க வேண்டும். அந்தப் புல்லில்தான் முட்டை ஒட்டும். அப்படிப்பட்ட வெள்ளம் எல்லா ஆண்டும் வருவதில்லை. நடுவில் வரும் வறண்ட ஆண்டுகளைத் தாக்குப்பிடித்து அடுத்த வெள்ளம்வரை காத்திருப்பவை இந்தக் கிழட்டுப் பெண் மீன்கள்தான். சோட்டார்ட் ஏரி மீனின் வயது தொண்ணூறைத் தாண்டியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மீனின் உள்காதில் இருக்கும் சிறு சுண்ணாம்புக் கல்லில், மரத்தில் போலவே, ஆண்டுக்கு ஒரு வளையம் படிகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அதே வில்லாளர்கள் குறிவைக்கும் இன்னொரு மீனான பிக்மவுத் பஃபலோவின் காதுக்கல்லை ஆராய்ந்தது. அதுவரை 26 ஆண்டுகள்தான் வாழும் என்று எண்ணியிருந்த மீன், 112 வயதுவரை வாழ்வது தெரியவந்தது. வளையக் கணக்கைச் சரிபார்க்க 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் உதவின. அவை காற்றில் பரப்பிய கார்பன்-14, அந்தந்தக் காலத்தில் படிந்த வளையத்தில் தடம் விட்டிருந்தது. எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. இந்த இனங்களை 'உதவாத மீன்' என்று ஒதுக்கி, எத்தனை வேண்டுமானாலும் கொல்லலாம் என்று பல மாநிலங்கள் விட்டுவைத்திருந்தன. 1930களில் டெக்சாஸில் கார் மீன்களை மின்சாரம் பாய்ச்சிக் கொல்லத் தனிப் படகே கட்டினார்கள்.

அதே டெக்சாஸ் 2009இல், ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு அலிகேட்டர் கார்தான் பிடிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 2019இல் டிரினிட்டி ஆற்றின் நீண்ட பகுதி ஒன்றில், 48 அங்குலத்துக்கு மேற்பட்ட காரை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், இரவில் வில்லால் கார் பிடிக்கக் கூடாது என்றும் விதி வந்தது. அந்தப் பகுதியில் பெரிய கார் வேண்டுமென்று ஆசைப்படுபவர் குலுக்கலில் பெயர் கொடுத்து, தேர்வானால் ஒன்றே ஒன்றைப் பிடிக்கலாம்.