ஒரே மீனுக்கு இரண்டு வயது

"கடலுக்குள்ளே எவ்வளவு மீன் இருக்கிறது என்று எப்படித்தான் சொல்கிறீர்கள்?" மீன்வள ஆய்வில் இருக்கும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். யாரும் கடலுக்குள் இறங்கி எண்ணிவிட்டு வருவதில்லை. பிடிபட்ட மீன்களின் எடை, நீளம், வயது, எத்தனை மணி நேரம் வலை இழுத்ததில் எவ்வளவு கிடைத்தது, ஆய்வுக் கப்பலின் எதிரொலிக் கருவி என்ன காட்டியது என்று பலவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம். வலசை போகும் மீன் என்றால் இந்த எண்கள் ஒரே நாட்டிடம் இருக்காது. ஒரு நாட்டில் முட்டையிடும், இன்னொரு நாட்டில் வளரும், யாருக்கும் சொந்தமில்லாத பெருங்கடலில் பிடிபடும். ஒவ்வொரு நாடும் தன் கையில் இருக்கும் துண்டுக் கணக்கைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் முழுக் கணக்கு கிடைக்கும்.

என் வேலை அதில் ஒரு சிறு பகுதி: மீனின் வயதைக் கணிப்பது. மீனின் தலைக்குள் சமநிலைக்கும் கேட்பதற்கும் உதவும் செவிக்கற்கள் இருக்கின்றன. வடக்கின் குளிர்க் கடல்களில் வாழும் காட் மீனின் செவிக்கல்லைக் குறுக்காக உடைத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உள்ளே பட்டை பட்டையாக வளையங்கள் தெரியும். நன்றாக வளர்ந்த மாதங்களில் அகலமான பட்டை, குளிர்காலத்தில் மெல்லிய பட்டை. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மரத்தின் வளையங்களை எண்ணுவது போலத்தான். ஆனால் மீன் பட்டினி கிடந்தாலும் ஒரு கோடு விழும். அது ஆண்டுக் கோடா, பொய்க் கோடா? ஓரத்தில் நெருங்கிக் கிடப்பவை இரண்டா, மூன்றா? அனுபவமுள்ள இருவர் ஒரே கல்லைப் பார்த்து ஒருவர் ஆறு என்றும் மற்றவர் ஏழு என்றும் சொல்வது சாதாரணமாக நடப்பது.

ஒரு வயதுதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆண்டுக்கு எத்தனை மீன்கள் சாகின்றன என்பதை வயதுவாரி எண்ணிக்கையிலிருந்துதான் கண்டுபிடிக்கிறோம். முதிர்ந்த மீன்களின் வயதை ஓர் ஆய்வகம் தொடர்ந்து கூட்டிப் படித்தால், மீன்கள் நீண்ட காலம் உயிரோடு இருப்பதாகவும், பிடிப்பினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கணக்கு காட்டும். அதை நம்பிக் கூடுதலாகப் பிடிக்க அனுமதி கொடுப்பார்கள். இன்னொன்றும் உண்டு. குஞ்சுகள் எல்லா ஆண்டிலும் ஒரே அளவில் பிழைப்பதில்லை. நார்வேயின் மீன்வள ஆய்வாளர் யொஹான் யோர்ட் 1914-ல் வெளியிட்ட ஆய்வில், 1904-ல் பிறந்த ஹெர்ரிங் (மத்தியின் உறவான மீன்) மீன்கள் மட்டுமே பல ஆண்டுகள் அந்நாட்டுப் பிடிப்பில் முன்னின்றதைக் காட்டினார். அப்படி ஒரு நல்ல ஆண்டில் பிறந்தவற்றை ஒரு நாடு ஆறு வயது என்றும் மறுநாடு ஏழு வயது என்றும் எழுதினால், பெருகிய ஆண்டு எது என்பதே தெரியாமல் போய்விடும்.

இதற்கு நார்வேயும் ரஷ்யாவும் கண்டிருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. இரு நாடுகளுக்கும் வடக்கே இருக்கும் பேரண்ட்ஸ் கடலின் காட் மீன்கள் நார்வேயின் லொஃபோட்டன் பக்கம் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் நீரோட்டத்தோடு வடக்கேயும் கிழக்கேயும் போய் இரு நாட்டுக் கடலிலும் வளர்கின்றன. இரு நாடுகளும் 1970-களின் நடுவிலிருந்து கூட்டு ஆணையம் வைத்துப் பிடிப்பளவை முடிவு செய்கின்றன. 1992 முதல் இரு தரப்பு ஆய்வகங்களும் செவிக்கற்களைப் பரிமாறிக்கொள்கின்றன. அவர்கள் படித்ததை இவர்கள் படிக்கிறார்கள், இவர்கள் படித்ததை அவர்கள் படிக்கிறார்கள், வேறுபட்டால் உட்கார்ந்து பேசுகிறார்கள். வலைக் கண்ணின் அளவும் முன்பு நார்வேயில் 135 மில்லிமீட்டர், ரஷ்யாவில் 125. பிடிக்கலாம் என்ற மீனின் குறைந்தபட்ச நீளமும் வேறு வேறு. 2011-ல் இரண்டையும் பொதுவாக்கினார்கள்: கண் 130 மில்லிமீட்டர், காட் மீனின் நீளம் 44 சென்டிமீட்டர். 1902-ல் தொடங்கிய, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு பிடிப்பளவுக்குப் பரிந்துரை தரும் சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம் 2022-ல் ரஷ்யாவின் பங்கேற்பை நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகும் இரு நாட்டு ஆய்வாளர்களும் தனிக் குழுவாகக் கணக்கிட்டுத் தருகிறார்கள். மீன் குறைந்துவருவதால் 2025-க்கான காட் பிடிப்பை 3,40,000 டன்னாகக் குறைத்தார்கள். 1991-க்குப் பிறகு அதுவரை அதுவே மிகக் குறைவு. அரசியல் எவ்வளவு கசந்திருந்தும் அந்தக் கசப்பான எண்ணை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அது இருவரும் சேர்ந்து போட்ட கணக்கு.

எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனைவிடக் கொடுமையான உதாரணம் இல்லை. 1968-ல் சுமார் 8 லட்சம் டன் பிடித்தார்கள். அதில் பெரும்பகுதி வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் அள்ளியது. 1977-ல் கனடா கரையிலிருந்து 200 மைல் வரை தன் மீன்பிடி எல்லை என்று அறிவித்த பிறகு மீன் மீண்டுவிடும் என்று நம்பினார்கள். 1980-களில் கப்பல்களுக்குக் கிடைத்த மீனைப் பார்த்தால் கடல் செழிப்பாகத்தான் தெரிந்தது. உண்மையில் மீன் குறையக் குறைய எஞ்சியவை சில இடங்களில் திரண்டு நின்றன, நவீனக் கருவிகளோடு போன கப்பல்கள் நேராக அந்தத் திரளின் மேல் வலை போட்டன. வலை நிரம்பியது, கடல் காலியாகிக்கொண்டிருந்தது. வணிகக் கப்பல்களின் பிடிப்பு விகிதத்தில் அதிக நம்பிக்கை வைத்த கணிப்பு, இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டியது. கரையோரச் சிறு மீனவர்கள் மீன் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1992 ஜூலையில் தடை வந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. 200 மைலுக்கு வெளியே நீண்டிருக்கும் திட்டுகளில் பிற நாட்டுக் கப்பல்கள் பிடித்துக்கொண்டே இருந்ததும் நிலைமையை மோசமாக்கியது.

பிடிப்புக் கணக்கையே நம்ப முடியாவிட்டால்? தெற்கு நீலத்துடுப்புச் சூரைக்கு இது நேர்ந்தது. 2006-ல் பல ஆண்டுப் பிடிப்பு குறைத்துக் காட்டப்பட்டிருப்பது வெளியே வந்ததும் பழைய கணிப்புகள் எல்லாம் ஆட்டம் கண்டன. அப்போது ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிடிப்புக் கணக்கையே அதிகம் சாராத ஒரு வழியை எடுத்தார்கள். இந்தச் சூரை ஜாவாவுக்குத் தெற்கே முட்டையிடும். இளம் மீன்கள் ஆஸ்திரேலியாவின் தென்கரைக்குப் போகும். இந்தோனேசியத் துறைமுகத்தில் இறங்கும் பெரிய மீன்களிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் பிடிபடும் இளம் மீன்களிலிருந்தும் சிறு தசைத் துண்டு எடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். பல்லாயிரம் மாதிரிகளில் 45 பெற்றோர்–பிள்ளை ஜோடிகள் அகப்பட்டன. வளர்ந்த மீன்கள் கடலில் ஏராளமாக இருந்தால் இப்படிப்பட்ட ஜோடி தட்டுப்படுவது அரிது, குறைவாக இருந்தால் அடிக்கடி தட்டுப்படும். இதை வைத்து வளர்ந்த மீன்களின் எண்ணிக்கையையே கணக்கிடலாம். இந்தோனேசியாவில் துறைமுக மேடையில் நின்று தசைத் துண்டு வெட்டியவர் இல்லாமல் இந்த ஆய்வே இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டாய்வு என்ற பெயரில் ஏழை நாடுகளிலிருந்து மாதிரிகளும் தரவுகளும் போகின்றன. அவற்றைப் படிக்கும் திறமை அங்கே வளர்வதில்லை. அறிக்கை வரும்போது தங்கள் கடலைப் பற்றியே அவர்கள் பிறர் சொல்லித் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நார்வேயும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 1975 முதல் நடத்தும் டாக்டர் ஃபிரித்யோஃப் நான்சென் ஆய்வுக் கப்பல் திட்டத்தை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். கப்பலில் பறப்பது ஐ.நா. கொடி. அதனால் மீன் கூட்டத்தோடு ஒரு நாட்டுக் கடலிலிருந்து அடுத்த நாட்டுக் கடலுக்கு அதே வலை, அதே கருவியோடு போக முடிகிறது. கரையோர நாட்டு ஆய்வாளர்களும் கப்பலில் ஏறி வேலை கற்கிறார்கள். ஆனால் ஆய்வுப் பயணம் முடிந்த பிறகும் அந்த நாட்டு ஆய்வகத்தில் சம்பளமும் நுண்ணோக்கியும் ஆளும் இருக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காத ஒத்துழைப்பைப் பாதி ஒத்துழைப்பு என்றுதான் சொல்வேன்.

மீன் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-ல் தொடங்கி இந்தியப் பெருங்கடலில் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட சூரை மீன்களுக்கு அடையாளக் குழல் குத்தி விட்டார்கள். திரும்பக் கிடைத்தவை மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் கண்ணில் பட்டவை. முதுகுத் துடுப்பை ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக் குழல் நீட்டிக்கொண்டிருந்தால் தூக்கி எறியாதீர்கள். எண், பிடித்த தேதி, இடம், மீனின் நீளம் ஆகியவற்றைக் குறித்து மீன்வளத் துறையிடம் கொடுங்கள். விட்ட இடமும் பிடித்த இடமும் தெரிந்தால் மீன் போன தூரம் தெரியும், நீளம் தெரிந்தால் வளர்ந்த வேகம் தெரியும். கடலிலேயே கொட்டிவிட்ட சிறு மீன்களையும் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதினால் அனுமதியைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எழுதாத மீனும் செத்த மீன்தான். கணக்கில் மட்டும் அது உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் பங்கு போடுவதில் கெட்டுப்போகலாம். வடகிழக்கு அட்லாண்டிக்கின் கானாங்கெளுத்திக்கு அதுதான் நடந்தது. ஆய்வாளர்கள் ஒன்றாகக் கணக்கிட்டு ஆண்டுதோறும் ஒரே மொத்த அளவைத்தான் தந்தார்கள். மீன் வடக்கேயும் மேற்கேயும் பரவியதும் ஐஸ்லாந்தும் ஃபரோ தீவுகளும் கூடுதல் பங்கு கேட்டன. நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் தங்கள் பங்கை விடவில்லை. ஆளுக்கொரு அளவை அறிவித்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டுக்கு ஆண்டு பரிந்துரையைத் தாண்டியது. 2025-ல் சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம், அடுத்த ஆண்டுக்கான பிடிப்பை முந்தைய பரிந்துரையிலிருந்து 70 சதவீதம் வெட்டச் சொன்னது. அதனால், நம் நாட்டுக்கு ஒதுக்கீடு கூடியது என்று எங்காவது படித்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே மீனைப் பிடிக்கும் மற்ற நாடுகளின் ஒதுக்கீட்டையும் கூட்டி, ஆய்வாளர்கள் சொன்ன மொத்த அளவுக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள்: மிச்ச மீன் எந்தக் கடலிலிருந்து வரும்?