தின்று தீர்த்த முதல்: தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன்

நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் கடை பரப்பியிருக்கும் யாரிடமும் கொரோனாக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நோயைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே, "முதலைத் தின்றுவிட்டோம்" என்பார்கள். பூ, பனங்கிழங்கு, வளையல், பிளாஸ்டிக் குடம் என்று எதை விற்றாலும் அன்றாடம் கையில் புரளும் இரண்டாயிரமோ ஐயாயிரமோதான் அவர்களுக்குத் தொழில். விடியற்காலையில் சரக்கு எடுத்து, இரவுக்குள் விற்று, லாபத்தை வீட்டுக்கும் முதலை மறுநாள் சரக்குக்கும் பிரித்து வைப்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அந்த முதல் அரிசியாகவும் மருந்தாகவும் வாடகையாகவும் கரைந்துபோனது. 2020, 2021 என இரண்டு ஆண்டுகள் ஆனித் தேரும் ரத வீதிகளில் ஓடவில்லை. தேரோட்ட நாட்களின் வியாபாரத்தைக் கொண்டு ஆண்டுக் கடனை அடைப்பவர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் மாநில அரசு கொடுத்தது பெரும்பாலும் வயிற்றுக்கான உதவி. 2020இல் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருட்களும் கிடைத்தன. பதிவு பெற்ற நடைபாதை வியாபாரிகளுக்குக் கூடுதலாக 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2021 மே மாதம் பொறுப்பேற்ற புதிய அரசு, இரண்டு தவணைகளில் அட்டைக்கு 4,000 ரூபாய் கொடுத்தது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் அப்போதுதான் வந்தது. கூடையோடு கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் பெண்ணுக்கு டிக்கெட் காசு மிஞ்சினால் அதுவும் முதல்தான். அதே மே மாதம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து ராக்கெட்டுக்கான திரவ ஆக்சிஜன் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டதை இன்றும் நம் ஊரில் பெருமையாகச் சொல்கிறோம். மூச்சுக்கு ஆக்சிஜன் வந்தது, வயிற்றுக்கு அரிசி வந்தது. தின்று தீர்த்த முதல் எங்கிருந்து திரும்பி வரும்? அதற்காகவே வந்தது பிரதமரின் ஸ்வநிதி திட்டம். மத்திய அரசு 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய இந்தத் திட்டம் கொரோனாவோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியவில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தியமைத்து, கடன் வழங்கும் காலத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறது.

தெருவில் வியாபாரம் செய்பவருக்கு வங்கி பிணையில்லாமல் கடன் கொடுப்பதுதான் இந்தத் திட்டம். நகை, பத்திரம் எதுவும் அடகு வைக்க வேண்டாம். கடன் திரும்பாமல் போனால் வங்கிக்கு ஏற்படும் இழப்பில் ஒரு பங்கை அரசு சார்ந்த கடன் உத்தரவாத நிதியம் ஈடுகட்டும். கடன் மூன்று படிகளாகக் கிடைக்கும். தொடக்கத்தில் அவை 10,000, 20,000, 50,000 ரூபாயாக இருந்தன. இப்போது முதல் படியில் 15,000 வரை, இரண்டாம் படியில் 25,000 வரை, மூன்றாம் படியில் 50,000 வரை. முதல் கடனை ஓராண்டு மாதத் தவணைகளில் கட்ட வேண்டும். அதை ஒழுங்காக முடித்தவருக்குத்தான் இரண்டாவது கதவு திறக்கும். கெடுவுக்கு முன்பே மொத்தமாகக் கட்டினாலும் அபராதம் கிடையாது. தவணை தவறாதவருக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியம் அவருடைய கணக்கிலேயே வரவாகும்.

இந்த 7 சதவீதம் என்பது எவ்வளவு என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. தண்டலோடு, அதாவது வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு நாள்தோறும் வசூலிக்கும் தனியார் கடனோடு, ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும்.

தண்டலில் 15,000 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 13,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 150 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பத்து சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, காலமும் வெறும் 100 நாள்தான். ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் வட்டி 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே 15,000 ரூபாயை வங்கியில் 12 சதவீத வட்டிக்கு வாங்குவதாக வையுங்கள். மாதத் தவணை சுமார் 1,333 ரூபாய். ஓராண்டில் கட்டும் மொத்த வட்டி ஆயிரம் ரூபாய்க்குள். அதில் ஏறத்தாழ 580 ரூபாய் மானியமாகத் திரும்பி வந்துவிடும். ஓர் ஆண்டு முழுவதும் 15,000 ரூபாயை வைத்துத் தொழில் செய்ததற்குக் கடைசியில் ஆகும் செலவு 400 ரூபாய்க்குச் சற்று மேல். தண்டலில் 100 நாளுக்கே 1,500 போகிறது. வங்கிக்கு வங்கி வட்டி மாறும், ஆகவே தொகையும் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது.

நெல்லைக்காரர்கள் இந்தக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 அக்டோபரில் நம் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், பெற்றோரும் இரண்டு குழந்தைகளுமாக ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சட்டம் இருந்தும் தண்டல் ஓடுகிறது. காலை நான்கு மணிக்குச் சந்தையில் கை நீட்டிய உடனே கிடைப்பது அந்தப் பணம்தான். வங்கிக் கடன் அப்படிக் கிடைக்காது. தேவை வரும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஏற்பாட்டின் முதல் வேலை, நீங்கள் தெருவோர வியாபாரி என்பதற்கு ஒரு தாள். மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோ கொடுத்த அடையாள அட்டை அல்லது விற்பனைச் சான்றிதழ் இருந்தால் நேராக விண்ணப்பிக்கலாம். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் இருந்தும் அட்டை வரவில்லை என்றாலும் வழி இருக்கிறது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்பவர்களும் உள்ளாட்சி அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், அவர்கள் விசாரித்துக் கடிதம் தர வேண்டும். அதற்கு 15 நாள் என்று திட்ட நெறிமுறை காலவரம்பு வைத்திருக்கிறது. தொழில் செய்ததற்கு ஆதாரமாக எவற்றைக் காட்டலாம் என்ற பட்டியலில், ஊரடங்கில் மாநில அரசு கொடுத்த உதவித்தொகையைப் பெற்றதற்கான சான்றும் இருந்தது. அன்று வயிற்றுக்கு வந்த ஆயிரம் ரூபாய், பின்னால் முதலுக்குச் சாட்சி சொல்லியது. அந்த ஆயிரம் யாருக்குப் போய்ச் சேராமல் போனது என்று பார்த்தால், பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், கடன் வேண்டாம் என்பவர்கூட அட்டையை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் ஆச்சிக்காக நான் இந்த விண்ணப்பத்துக்கு உடன் போனேன். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், கணக்கெடுப்பின்போது கொடுத்த சீட்டு. நாலாக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது. எல்லாம் இருக்கிறது என்று நம்பிப் போனோம். கணினியில் எண்ணைத் தட்டியதும் ஓடிபி திருப்பூரில் இருக்கும் மருமகனின் கைபேசிக்குப் போனது. ஆதாரோடு இணைந்திருந்தது அவருடைய எண். விரல்ரேகை வைக்கலாம் என்றால், நாற்பது வருடமாகக் கீரைக் கட்டு கட்டிய விரல்களில் ரேகை படியவில்லை. ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து ஐந்தாறு முறை வைத்தார். ஒவ்வொரு முறை தவறும்போதும் தாம் ஏதோ குற்றம் செய்தவர் போல என் முகத்தைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆதார் மையத்தில் எண்ணை மாற்றி, அது பதிவாகும் வரை காத்திருந்து, மறுபடியும் போனோம். வங்கிக் கிளையில் மூன்று முறை நாளைக்கு வரச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளைக்கும் ஆச்சிக்கு ஒரு நாள் வியாபாரம் போனது. பணம் கணக்கில் ஏறியபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே புறப்படும் முன் இரண்டைச் சரிபாருங்கள். ஆதாரில் இருக்கும் கைபேசி எண் உங்கள் கையில் இருக்கும் எண்தானா? ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ வங்கியிலோ போடலாம். இணையத்தில் தாமாகவும் போடலாம். "கடன் வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் கேட்பவரை நம்ப வேண்டாம். திட்டத்தில் இடைத்தரகருக்கு இடமே இல்லை.

கடன் வாங்கியவர் க்யூஆர் அட்டை வைத்து யுபிஐ வழியே காசு வாங்கினால் ஊக்கத்தொகையும் உண்டு. இப்போதைய வரம்பு 1,600 ரூபாய் வரை. இரண்டாம் கடனை முடித்தவருக்கு யுபிஐயோடு இணைந்த ரூபே கடன் அட்டை தரப்படும் என்பதும் புதிய ஏற்பாடு. அவசரச் சரக்குக்கு அது உதவும். தண்டலின் அந்த நாலு மணிப் பலத்துக்குச் சரியான பதில் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கெடு தவறினால் கடன் அட்டையின் வட்டியும் கடுமையானதுதான். கடன் பெற்றவரின் குடும்பத்தை மற்ற நலத்திட்டங்களில் சேர்த்துவிடும் பணியும் இதனோடு நடக்கிறது. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு அவற்றில் ஒன்று. சாலையோரத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

வியாபாரி அடையாள அட்டைக்கு இன்னொரு பலன் இருக்கிறது. அது கடனைவிடப் பெரியது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் அதற்குப் பட்டியல் தர வேண்டும். உரிய கட்டணம் கட்டியதும் அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள். தக்காளிக் கூடையை எடுத்துப் போய் நான்காம் நாள் தருவது சட்டப்படி தவறு. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று பேசும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நெல்லை டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்று எந்த மண்டலத்தில் கடை போட்டாலும், உங்கள் சார்பில் அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனித் தேருக்குச் சரக்கு எடுக்க இந்தப் பணம் வேண்டும் என்றால் ஆனி பிறந்த பிறகு போய்ப் பயனில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கு 15 நாள், ஆதார் திருத்தம் இருந்தால் அதற்குச் சில நாள், வங்கிக்கு இரண்டு மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டு சித்திரையிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.