கான்ஃபரன்ஸ் ரீஅலைன்மென்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் செய்திகளை வாசிக்கிறவர்கள் கடந்த சில ஆண்டுகளில் அடிக்கடி கண்ட சொல் 'கான்ஃபரன்ஸ் ரீஅலைன்மென்ட்'. அகராதியைத் திறந்து இரண்டு சொல்லையும் தனித்தனியாகப் பெயர்த்தால் 'மாநாட்டு மறுசீரமைப்பு' என்று வரும். படிக்கிறவருக்கு ஏதோ கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை மாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். நடப்பது அதுவல்ல. பல பத்தாண்டுகளாக ஒரே குழுவில் ஒன்றாக ஆடிவந்த பல்கலைக்கழகங்கள், தொலைக்காட்சிப் பணம் கூடுதலாகக் கிடைக்கிற வேறு குழுவுக்கு மாறிப் போகின்றன. இந்த அர்த்தம் தமிழில் வர வேண்டுமானால் 'கூட்டணி மாற்றம்' என்பதுதான் சரியான சொல் என்பது என் கருத்து.

முதலில் பொருளைப் பார்க்கலாம். அங்கே பல்கலைக்கழக விளையாட்டு என்பது மிகப் பெரிய தொழில். மிச்சிகன், பென் ஸ்டேட், ஓஹாயோ ஸ்டேட் மூன்றும் அமெரிக்கக் கால்பந்துக்கென்று (கீழே வெறும் 'கால்பந்து' என்று வருவதும் அதுதான்) ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரும் மைதானங்களைச் சொந்தமாக வைத்திருக்கின்றன. நாடு முழுவதற்குமான பொது விதிகளை என்சிஏஏ என்ற சங்கம் வகுக்கிறது. ஆனால் ஆட்ட அட்டவணை, நடுவர்கள், ஒளிபரப்பு உரிமையை விற்பது, வந்த பணத்தைப் பங்கிடுவது எல்லாம் பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் எனப்படும் அந்தந்தக் குழுவின் கையில்தான். பிக் டென், எஸ்இசி, ஏசிசி, பிக் 12 ஆகிய நான்கும் இன்று பெரியவை. ஐந்தாவதாக இருந்த பேக்-12 எப்படிச் சிதறியது என்பதைக் கீழே சொல்கிறேன், இந்தச் சொல்லின் முழு அர்த்தமும் அதில்தான் இருக்கிறது.

சரி, ஒரு விளையாட்டுக் குழுவுக்கு 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர் எப்படி வந்தது? லத்தீனில் 'கான்ஃபெர்ரே' என்றால் ஒன்றாகக் கொண்டுவருதல். அதிலிருந்து கூடிப் பேசுதல், ஆலோசனை என்ற பொருள் ஆங்கிலத்துக்கு வந்தது. 1895 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டலில், பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைத்ததன்பேரில் மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடினார்கள். கால்பந்து கைமீறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒழுங்காகச் சேர்ந்து படிக்கிற மாணவன்தான் ஆட வேண்டும், படிப்பில் பின்தங்கியவன் ஆடக் கூடாது என்பது போன்ற விதிகள் அங்கிருந்துதான் தொடங்கின. அடுத்த ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த அமைப்பின் பெயர், தமிழில் சொன்னால், 'ஆசிரியப் பிரதிநிதிகளின் கல்லூரிகளிடைக் கலந்தாய்வு'. ஆரம்பத்தில் அது உண்மையிலேயே பேராசிரியர்கள் கூடிப் பேசும் கூட்டம்தான், 'மாநாடு' என்று சொன்னாலும் தவறில்லை. பிறகு அந்தக் கூட்டத்தின் பெயரே, கூடியவர்கள் சேர்ந்த குழுவுக்கும் ஆகிவந்தது. அந்த அமைப்புதான் இன்றைய பிக் டென். விளையாட்டைப் படிப்புக்கு அடங்கி நடக்க வைக்கத் தொடங்கிய கூட்டம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பின்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

பின்னால் நடந்ததற்குக் காரணம் தொலைக்காட்சி. 1950களின் தொடக்கத்திலிருந்து எந்த ஆட்டத்தை ஒளிபரப்பலாம், ஒரு அணி எத்தனை முறை திரையில் வரலாம் என்பதையெல்லாம் என்சிஏஏ தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடுமோ என்ற பயம் அதற்கு ஒரு காரணம். ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில், இது போட்டியைத் தடுக்கும் செயல், சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரக் கால்பந்து வீரராக இருந்தவர். கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரமாக மட்டும் பார்க்கக் கூடாது என்று அவர் வாதாடினார். இன்று அதைத் திரும்பப் படித்தால், அவருக்கு வரப்போவது தெரிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு விற்கும் உரிமை பல்கலைக்கழகங்களிடமும் கான்ஃபரன்ஸ்களிடமும் வந்தது. 1991 முதல் நோட்டர் டேம் தன் சொந்த மைதான ஆட்டங்களை என்பிசி தொலைக்காட்சிக்குத் தனியாகவே விற்றது. எஸ்இசி, ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்து 12 உறுப்பினர்களாகி, உள்ளுக்குள் இரண்டு பிரிவாகி, 1992-ல் தனக்கென்று ஒரு இறுதிப் போட்டி நடத்தியது. தொலைக்காட்சிக்கு விற்க ஒரு ஆட்டம் கூடுதலாகக் கிடைத்தது. 2007-ல் பிக் டென் சொந்தமாகச் சேனலே தொடங்கியது. அப்புறம் கணக்கு வேறாகிவிட்டது. புதிதாக ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்க்கும்போது அதன் அணி எப்படி ஆடுகிறது என்பதைவிட, அந்த ஊரில் எத்தனை வீட்டில் கேபிள் இணைப்பு இருக்கிறது என்பது முக்கியமாயிற்று. 2014-ல் ரட்கர்ஸும் மேரிலாந்தும் பிக் டென்னுக்குள் வந்ததற்கு நியூயார்க், தலைநகர் வாஷிங்டன் வட்டாரச் சந்தாதாரர்கள்தான் பெரிய காரணம். ரட்கர்ஸ் ஆட்டத்தை ஒருநாளும் பார்க்காத வீடுகளும் மாதாமாதம் கேபிள் கட்டணத்தில் அந்தச் சேனலுக்குப் பணம் கட்டின.

இதற்கிடையே பெயர்களும் பொருள் இழந்தன. 1990-ல் பென் ஸ்டேட்டைச் சேர்க்க முடிவானதும் பிக் டென்னில் பதினொன்று. பெயரை மாற்ற மனமில்லாமல், சின்னத்தில் 'T' எழுத்தின் இரு பக்க வெற்றிடத்தில் 11 என்ற எண் தெரியும்படி வரைந்தார்கள். 2011-ல் பிக் டென்னில் 12 பேர், பிக் 12-ல் 10 பேர். இன்று பிக் டென்னில் 18, பிக் 12-ல் 16.

இப்போது பேக்-12. 1915-ல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் தொடங்கிய பசிபிக் கடற்கரைக் குழுவின் தொடர்ச்சி. 2011-ல் இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டோடும் 12 ஆண்டுகளுக்குச் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டபோது அதுதான் நாட்டிலேயே பெரிய ஒப்பந்தம். அதோடு 2012-ல் சொந்தச் சேனல்களையும் தொடங்கினார்கள். பிக் டென் ஃபாக்ஸைப் பங்காளியாக வைத்துக்கொண்டு செய்ததை இவர்கள் தனியாகவே செய்தார்கள். டைரக்ட்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் நிறுவனம் கடைசிவரை அந்தச் சேனல்களை எடுக்கவில்லை. மேற்குக் கரையில் இரவு ஆட்டம் தொடங்கும்போது கிழக்கில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்ற சிக்கலும் எப்போதும் இருந்தது.

2022 ஜூன் 30 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தை ஒரே நாளில் கையைவிட்டுப் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் பிக் டென் குழு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்று தொலைக்காட்சிகளோடும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பிக் 12-ம் முந்திக்கொண்டு தன் ஒப்பந்தத்தை முடித்தது. பேக்-12 ஓராண்டு பேசிக்கொண்டே இருந்தது. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ பிக் 12-க்குக் கிளம்பியது. கடைசியில் மேசைக்கு வந்தது ஆப்பிளின் இணைய ஒளிபரப்பு ஒப்பந்தம்தான், சந்தா எவ்வளவு சேருகிறதோ அதைப் பொறுத்து வருமானம் கூடும் என்ற ஏற்பாடு. ஆகஸ்ட் 4 காலையில் அதற்குக் கையெழுத்தாகும் என்று எதிர்பார்த்தார்கள். அன்றைக்கே ஓரிகனும் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கும் போயின. ஓரிகனும் வாஷிங்டனும் மற்ற உறுப்பினர்களைவிடக் குறைந்த பங்குக்குச் சம்மதித்துத்தான் போயின. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாவும், அட்லாண்டிக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஏசிசியில் சேர்ந்தன. அவற்றோடு சேர்ந்த டாலஸின் எஸ்எம்யூ, ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தது.

மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை விளையும் குன்றுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பெரிய நகரம் இல்லை, பெரிய தொலைக்காட்சிச் சந்தை இல்லை. ஆட்டத்தில் குறை வைத்ததால் அந்த இரண்டையும் யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டும் நீதிமன்றம் போய் அமைப்பின் நிர்வாகத்தையும் மிச்சமிருந்த சொத்தையும் தங்கள் பக்கம் காப்பாற்றிக்கொண்டன. வாஷிங்டனுக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் 1900 முதல் நடந்துவரும் போட்டி 'ஆப்பிள் கப்'. 2024 செப்டம்பரில் அது, இரண்டும் வெவ்வேறு கூட்டணியில் இருக்கும் நிலையில், சியாட்டிலில் நடந்தது. கடைசிக் கட்டத்தில் வாஷிங்டன், புள்ளி எடுக்கத் தாண்ட வேண்டிய கோட்டுக்கு ஒரு கெஜம் தள்ளி நின்றது, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சி. புல்மன்காரர்கள் தடுத்து நிறுத்தி 24-19 என்று வென்றார்கள். எனக்கு இந்த ஆட்டம் நெடுநாள் மறக்காது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லுக்கு வருகிறேன். 'மறுசீரமைப்பு' என்றால் மேலே ஒரு அதிகாரம் உட்கார்ந்து, திட்டம் போட்டு, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறது என்ற அர்த்தம் வருகிறது. இங்கே அப்படி ஓர் அதிகாரமே கிடையாது. என்சிஏஏவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கணக்கைப் பார்த்துப் போகிறது, ஒன்று நகர்ந்தால் பக்கத்திலிருப்பது பயந்து நகர்கிறது. அதற்குச் 'சீர்' என்ற சொல்லைக் கொடுப்பது நியாயமில்லை.

'அலைன்' என்பது பிரெஞ்சு வழியாக வந்த சொல், உள்ளே இருப்பது 'கோடு' என்ற லத்தீன் வேர். கோட்டில் நிறுத்துதல், வரிசைப்படுத்துதல். பிறகு ஒரு பக்கம் சேர்ந்து நிற்பது என்ற அரசியல் பொருளும் அதற்கு வந்தது, அமெரிக்க அரசியலில் வாக்காளர்கள் நிரந்தரமாகக் கட்சி மாறுவதையும் ரீஅலைன்மென்ட் என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் 'அணி' என்பதற்கும் முதற்பொருள்களில் ஒன்று வரிசை. அணிவகுப்பு என்கிறோம், படையணி என்கிறோம். விளையாடும் குழுவும் அணிதான். கூட்டு, அணி இரண்டும் சேர்ந்த 'கூட்டணி'யில் வரிசையும் இருக்கிறது, அணியும் இருக்கிறது, சேர்ந்து நிற்பதும் இருக்கிறது.

கூட்டணி என்றால் தேர்தல் வாசனை அடிக்கிறதே என்று சிலர் சொல்லலாம். 'கூட்டமைப்பு' கௌரவமான சொல், அலுவலகமும் ஆணையரும் உள்ள நிரந்தர அமைப்புக்குப் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'கூட்டமைப்பு மாற்றம்' என்று எழுதினால் அமைப்பின் சட்டதிட்டங்களைத் திருத்துகிறார்கள் என்றே படும். 'கூட்டணி மாற்றம்' என்றால் யார் யாரை விட்டு யாரோடு போனார்கள், என்ன பங்கு கிடைத்தது என்று கேட்கத் தோன்றும், கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். 'கட்சித் தாவல்' போலத் 'தாவல்' என்று எழுதுவதை நான் விரும்பவில்லை. ஸ்டான்ஃபோர்டு மாதிரி, இருந்த வீடு இடிந்ததால் வேறு இடம் தேடியவர்களையும் அது குற்றம் சாட்டிவிடும்.

கூடவே வரும் இன்னும் சில சொற்கள். 'மீடியா ரைட்ஸ்' ஒளிபரப்பு உரிமை, இதில் சிக்கல் இல்லை. 'எக்சிட் ஃபீ' விலகல் கட்டணம். 'கிரான்ட் ஆஃப் ரைட்ஸ்' என்பதுதான் கடினம். உறுப்பினர் தன் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுவரை கூட்டணிக்கே எழுதிக் கொடுப்பது அது, விலகிப் போனாலும் உரிமை கூடப் போகாது. 'உரிமை வழங்கல்' என்றால் யாருக்கோ சலுகை கொடுத்த மாதிரி இருக்கிறது. 'உரிமை எழுதிக் கொடுத்தல்' என்றால் அதன் கனம் புரியும். ஏசிசி உறுப்பினர்கள் அப்படி 2036 வரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான், ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. அதிகம் பார்க்கப்படும் அணிக்கு அதிகப் பங்கு என்பது அதில் முக்கிய அம்சம். கலிஃபோர்னியாவில் ரசிகர்கள் சொல்லும் இன்னொரு சொல் 'காலிமனி'. யுசிஎல்ஏ கிளம்பிப் போனதால் நஷ்டமடைந்த பெர்க்லிக்கு, யுசிஎல்ஏ ஆண்டுக்கு 1 கோடி டாலர் தர வேண்டும் என்று இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக்குழு 2024-ல் முடிவு செய்தது. பெர்க்லியின் செல்லப்பெயர் 'கால்', விவாகரத்துப் பணத்துக்கு ஆங்கிலத்தில் 'அலிமனி', இரண்டும் சேர்ந்தது. தமிழில் 'பெர்க்லி ஜீவனாம்சம்' என்று எழுதினால் நன்றாகவே புரியும்.

கால்பந்துப் பணத்துக்காகப் போட்ட வரைபடத்தில் கைப்பந்து, சாஃப்ட்பால் ஆடும் மாணவிகளும் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வருத்தம். பிக் டென் இப்போது சியாட்டிலிலிருந்து நியூஜெர்சி வரை, அதாவது கடலிலிருந்து கடல்வரை நீள்கிறது. கால்பந்து அணிக்கு வாரத்துக்கு ஓர் ஆட்டம், தனி விமானம். மற்றவர்கள் வார நாளில் மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்குப் போய்விட்டு வந்து மறுநாள் வகுப்பில் உட்கார வேண்டும். 2025-ல் ஒப்புதல் கிடைத்த ஒரு வழக்குச் சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர்வரை. அந்தப் பணத்தைத் தேடியும் கூட்டணிப் பேச்சு தொடரும். பேக்-12-ம் 2026-க்கு பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொன்சாகா போன்றவற்றை வேறு கூட்டணிகளிலிருந்து அழைத்துக்கொண்டது. அதுவும் கூட்டணி மாற்றம்தான்.

எழுதுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல்லிலும் கான்ஃபரன்ஸ் என்ற சொல் உண்டு, ஆனால் அங்கே அது ஒரே அமைப்பின் இரண்டு பாதிகளில் ஒன்று. அதற்குப் 'பிரிவு' போதும், கூட்டணி பொருந்தாது. 2002-ல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் புதிதாக வந்து அணிகள் 32 ஆனபோது, லீக் நிர்வாகமே உட்கார்ந்து எல்லா அணிகளையும் எட்டு உட்பிரிவுகளாகப் பிரித்தது, சியாட்டில் சீஹாக்ஸை ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு மாற்றியது. அதை 'மறுசீரமைப்பு' என்றே எழுதலாம்.