வி.பி.என். – மெய்நிகர் தனி வலையமைப்பு

‘விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்’ என்பதன் சுருக்கம் வி.பி.என். விளம்பரங்கள் நடுவிலுள்ள ‘பிரைவேட்’டைப் பிடித்துக்கொண்டு, இதைப் போட்டுக்கொண்டால் உங்களை யாரும் பார்க்க முடியாது என்கின்றன. பெயர் வைத்தவர்கள் சொன்னது அதுவல்ல.

இரண்டு ஊர்களில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் தன் கணினிகளை இணைக்க ஒரு காலத்தில் தொலைபேசி நிறுவனத்திடம் ‘லீஸ்டு லைன்’ வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தடத்தில் வேறு யாருடைய தகவலும் ஓடாது. அதுதான் பிரைவேட் நெட்வொர்க். செலவோ அதிகம். 1990களில் இணையம் பரவியதும், எல்லோரும் போகிற பொதுத் தடத்திலேயே மறையாக்கம் செய்த, அதாவது வழியில் பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்பும், சுரங்கம் ஒன்றை அமைத்து அதே வேலையை மலிவாக முடித்தார்கள். தனிக் கம்பி கிடையாது. ஆனால் இருப்பதுபோலவே நடக்கும். அதனால் ‘விர்ச்சுவல்’.

தமிழில் ‘விர்ச்சுவல்’ என்பதற்கு மெய்நிகர் நிலைத்துவிட்டது. மெய்க்கு நிகராக வேலை செய்வது, பொருள் கச்சிதம். ‘நெட்வொர்க்’ என்பதற்குப் பிணையம், வலையமைப்பு இரண்டும் புழங்குகின்றன. கடனுக்கும் ஜாமீனுக்கும் கொடுக்கும் ஈட்டையும் பிணையம் என்போம். வழக்கு, சட்டம் என்று பேசும் இடத்தில் அது இடிக்கும்; வலையமைப்பே மேல். சிக்கல் ‘பிரைவேட்’டில்தான். ‘தனியார்’ என்று போட்டால், தனியார் பள்ளி, தனியார் பேருந்து என்பதுபோல அரசுக்குச் சொந்தமில்லாதது என்றாகும். அரசு அலுவலகங்களும்தான் வி.பி.என். வைத்திருக்கின்றன. ‘அந்தரங்க’ என்றால் விளம்பரக்காரர் பக்கம் சாய்ந்துவிடும். சிற்றிதழ்களில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிடுவார்கள். அந்த இதழில் ரகசியம் ஒன்றும் இருக்காது; குறிப்பிட்ட வட்டத்துக்குள் போகிறது, அவ்வளவுதான். வி.பி.என்.னில் இருப்பதும் இந்தத் ‘தனி’தான். எனவே மெய்நிகர் தனி வலையமைப்பு. பேச்சில் வி.பி.என். என்றே இருக்கட்டும்.

அலுவலகக் கருவியாக இருந்த இது வீட்டுக்குள் வந்ததில் பதிப்புரிமைச் சட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சுவீடனில் 2009 ஏப்ரல் 1 அன்று இப்ரெட் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. ஐ.பி. முகவரி என்பது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண். அதற்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதை, படம், பாட்டின் உரிமையாளர்கள் நீதிமன்றம் போய் இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்ள அது வழி செய்தது. உடனே அந்நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. பயனர்கள் தங்களுக்குள்ளேயே கோப்பைப் பகிரும் முறையான டொரண்டில் ஒரு கோப்பை இறக்கும்போது அதே கோப்பைப் பகிரும் மற்றவர்களுக்கு நம் ஐ.பி. முகவரி தெரியும். உரிமையாளரின் ஆட்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து குறித்துக்கொள்வார்கள். வி.பி.என். போட்டால் நம் போக்குவரத்து அந்தச் சேவையின் சர்வர், அதாவது அதன் கணினி, வழியாகப் போகும்; அங்கே தெரிவது அந்த சர்வரின் முகவரி. சட்டத்தின் பெயரையே திருப்பி இப்ரெடேட்டர் என்று ஒரு சேவை கிளம்பியது. முல்வாத் என்ற சேவையும் அதே 2009-ல் அங்கே தொடங்கியதுதான். சுவீடிஷ் மொழியில் அது மண்ணுக்குள் சுரங்கம் தோண்டும் அகழெலியின் பெயர்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் உழைத்து எடுத்த படத்தை வி.பி.என். வழியாக எடுத்தாலும் அது திருட்டுதான். திருட்டு விசிடி விற்பவர்களைத் தமிழ்நாடு 2004-ல் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆனால் தடை குற்றவாளியை மட்டும் தொடுவதில்லை. 2012-ல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற வீடியோ தளங்களை முழுசாகவே மூடின. சொந்தக் குறும்படத்தை அங்கே ஏற்றி வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளுக்குத்தான் தடை என்று அந்த ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. வி.பி.என். சர்வர் வழியாகப் போனால் இப்படிப்பட்ட அடைப்பைத் தாண்டலாம். நேர்மையாக இணையத்தைப் பயன்படுத்துகிறவருக்கும் வி.பி.என். தேவைப்படும் என்பதற்கு இது போதும்.

சரி, அது எதை மறைக்கிறது? நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை இணைய நிறுவனத்திடமிருந்தும், உங்கள் ஐ.பி. முகவரியை அந்தத் தளத்திடமிருந்தும். ஜிமெயிலில் உள்நுழைந்துவிட்டால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியத்தான் செய்யும். இணைய நிறுவனம் முன்பு பார்த்ததையெல்லாம் இப்போது வி.பி.என். நிறுவனம் பார்க்க முடியும். நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கிறோம். 2011-ல் சோனி பிக்சர்ஸ் ஊடுருவல் வழக்கில், ஹைட்மைஆஸ் என்ற பிரிட்டிஷ் சேவை நீதிமன்ற உத்தரவுக்குப் பணிந்து தன் பதிவுகளைக் கொடுத்தது. முல்வாத்தின் கோத்தன்பர்க் அலுவலகத்துக்கு 2023 ஏப்ரலில் போலீஸ் வந்தது. வாடிக்கையாளர் பதிவே வைப்பதில்லை என்பதால் வெறுங்கையோடு திரும்பியது. அங்கே கணக்கு என்பது 16 இலக்க எண் மட்டும். பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. எதைச் சேமிக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலவசச் சேவை என்றால் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் வேகம். இணையத்தில் தகவல் பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஈதர்நெட் என்ற கம்பி வலையமைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். வயர்கார்டு என்ற வி.பி.என். நெறிமுறை தன் உறைக்கு இடம் விட்டு வழக்கமாக 1420 பைட்டோடு நிறுத்திக்கொள்கிறது. இந்த இழப்பு சின்னது; சர்வர் இருக்கும் தூரத்தால் வரும் தாமதம்தான் பெரியது. சுரங்கம் இடையில் அறுந்தால் இணைப்பு சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும், உங்கள் முகவரி வெளியே தெரிந்துவிடும். அதைத் தடுக்கும் ‘கில் ஸ்விட்ச்’ வசதியை முதல் நாளே இயக்கி வையுங்கள்.

இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவது குற்றமல்ல. ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் விதித்த நெறிகளின்படி, வி.பி.என். விற்கும் நிறுவனம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்குக் கொடுத்த ஐ.பி. ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அலுவலகங்களின் உள் வி.பி.என்.னுக்கு விலக்கு உண்டு. இந்த நெறியை ஏற்காத எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்டுவி.பி.என்., சர்ஃப்ஷார்க் ஆகியவை இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ்வி.பி.என். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருக்கும் சர்வர்களுக்கு இந்திய ஐ.பி. முகவரி கொடுத்து, மெய்நிகர் இந்திய சர்வர் என்று தந்தது. சென்னையில் உட்கார்ந்து சிங்கப்பூர் வழியாகச் சென்னைத் தளம் ஒன்றைத் திறந்தால், கோரிக்கையும் பதிலுமாக நான்கு முறை கடலைக் கடக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி போகும் வேகத்தில் அதற்கே 60 மில்லிநொடி அளவுக்கு ஆகும்.