பீரோவுக்குப் பின்னால் பூசணம் ஏன் பூக்கிறது?

கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்திப் பாருங்கள். அது மறைத்து நின்ற இடம் சாம்பல் பூத்திருக்கும். மூலையோரம் மிளகுப்பொடி தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். தரையை ஒட்டி நெருக்கமாகவும், மேலே போகப்போக அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் இருக்கும். அதே சுவரில் இரண்டடி தள்ளிப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ‘சுவர் ஒழுகுது’ என்று உடனே பெயின்டரைக் கூப்பிடுகிறோம். ஆனால் பல வீடுகளில் ஒழுகல் எதுவும் இல்லை. அறைக்குள் இருக்கும் காற்றுதான் தன்னிடமுள்ள ஈரத்தை அந்தச் சுவரில் ஏற்றியிருக்கிறது.

சூடான காற்று நீராவியை அதிகம் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம்தான். காற்று தாங்கக்கூடியதில் எத்தனை சதவீதம் நீர் இருக்கிறது என்பதுதான் ஈரப்பதம். அறை 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்குச் சற்று மேல் நீர் இருக்கிறது. அதே காற்று 25 டிகிரி சுவரைத் தொட்டதும் அங்கே ஈரப்பதம் 89 சதவீதமாகிவிடுகிறது. பூசணம் பிடிக்கச் சுவரில் தண்ணீர் வழிய வேண்டியதில்லை. சுவரின் மேற்பரப்பில் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே போதும். அதன் வித்துகள் எப்போதும் காற்றில் மிதக்கின்றன. தூசி, பெயின்ட், மரம், தோல் என எதையும் தின்று வளரும். நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

பீரோவுக்குப் பின்னால் மட்டும் ஏன் என்றால், மழையில் நனைந்த வெளிச்சுவர் உலரும்போது குளிர்கிறது. அறையின் சூடும் ஃபேன் காற்றும் அந்த இடத்தை எட்டாமல் பீரோ மறைத்துக்கொள்கிறது. குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு பக்கமிருந்தும் வருகிறது: ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து, ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து. மேற்குச் சுவர் உலர்ந்தால் கிழக்குச் சுவர் நனையும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் நிற்கும் வீடுகளுக்கு மழை விட்ட பிறகும் சுவரில் வெயில் படாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் வீடு இரண்டே நாளில் உலர்ந்துவிடும். அங்கே சரிப்பட்ட வழி இங்கே சரிப்படவில்லை என்றால் காரணம் இதுதான்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்ய வேண்டும். சந்தேகமுள்ள இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஓரடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மாடி ஒழுகல், குழாய்க் கசிவு அல்லது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். அதைக் கொத்தனாரோ பிளம்பரோதான் பார்க்க வேண்டும். அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

காற்றின் ஈரத்தை அளக்கச் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க அடுக்களை உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்த மீட்டர் 5 கூட்டிச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். டப்பாவில் தூள் உப்பு தானாக நீர்த்துப்போனால் அடுக்களைக் காற்று 75ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். கல்லுப்பை மட்டும் நம்பக் கூடாது. கடல்நீரில் விளையும் கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் உப்பு அதற்கு வெகுமுன்பே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் நாமே எவ்வளவு தண்ணீரைக் காற்றில் விடுகிறோம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் முழுதும் எரிந்து தீர்வதற்குள் 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். சோறு பொங்கும் ஆவி, குளியலறை ஆவி எல்லாம் அதற்கு மேல். இவற்றைவிட மோசமானது அறைக்குள் துணி காயப்போடுவது. மெஷினில் பிழிந்த 5 கிலோ துணியில் இன்னும் 2 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். 12க்கு 10 அடி அறையில் உள்ள மொத்தக் காற்றும் 28 டிகிரியில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் தாங்கும். மீதித் தண்ணீர் மெத்தைக்கும் சுவருக்கும் பீரோவிலுள்ள பட்டுச் சேலைக்கும் போகிறது. மழைக்காலத்தில் கொடி கட்ட வேண்டிய இடம் காற்றோடும் வராந்தாதான். வேறு வழியே இல்லையென்றால் ஓர் அறையின் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு, துணியை அங்கே மட்டும் காயவையுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளிக்கும்போது போட்டு வெளியே வந்ததும் அணைப்பதில் பயனில்லை. குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓட வேண்டும். கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளியாவது வேண்டும். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் சுற்றுமே தவிர ஆவியை வெளியே தள்ளாது.

‘ஜன்னலைத் திறந்து வை’ என்ற அறிவுரை எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. மழை பெய்யும்போது வெளியே 25 டிகிரி, 95 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் 22 கிராம் நீர் இருக்கிறது. உள்ளே 28 டிகிரி, 75 சதவீதம் என்றால் 20 கிராம்தான். அப்போது திறந்தால் ஈரத்தை உள்ளே அழைக்கிறோம். மழை வெறித்து வெயில் வந்து வெளியே 31 டிகிரி, 60 சதவீதம் ஆகும்போது 19 கிராம். காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் அப்படி வெறிக்கும் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களையும் பீரோ கதவையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் நீர் வழியும். வெளியே கடுங்குளிர், உள்ளே சூடு. நம் ஏசி அறையில் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கும். விதி ஒன்றுதான், பக்கம்தான் மாறுகிறது. வெளியே 28 டிகிரி, 85 சதவீதம் இருக்கும்போது 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். ஏசியை 20இல் வைத்தால் பக்கத்து அறையின் பொதுச்சுவரும் குளிர்ந்து, அந்தப் பக்கம் பூசணம் பிடிக்கும். 26இல் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. காலையில் ஏசியை நிறுத்தியதும் ஜன்னலைப் படாரென்று திறக்க வேண்டாம். அரை மணி நேரம் ஃபேன் ஓடி, சுவர் சூடேறிய பிறகு திறக்கலாம்.

பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். முடிந்தால் உட்சுவரோரம் மாற்றிவிடுங்கள். துணியை அடைத்துத் திணிக்காதீர்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான். பூசணத்தை அது தடுக்காது. ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா வேலை செய்யும். ஆனால் அதில் தேங்கும் நீர் இரும்பை அரிக்கும், துணியையும் கெடுக்கும். கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வைத்து, நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும்.

பிடித்த பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். டைல்ஸில் கறை நின்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு 250 மில்லி பிளீச் போதும். அதோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூன்றடிக்கு மூன்றடியைவிடப் பெரிதாகப் பரவியிருந்தாலும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலும் ஆள் வைத்துச் செய்வது நல்லது.

பூசணத்தின் மேலேயே பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் உரிந்துவரும். பழைய வீடுகளின் வெள்ளையடிப்புக்கு நல்ல காரணம் உண்டு. புதுச் சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூசணம் முளைக்காது, சுவரும் ஈரத்தை வெளியே விடும். அந்தக் காரம் காற்றுப் பட்டு மெல்லக் குறைவதால்தான் ஆண்டுதோறும் அடித்தார்கள். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பூச்சு தெரியும்வரை சுரண்டிவிட்டு, மெல்லியதாக மூன்று கை அடிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் முன்பு அவசரமாக அடிக்கும் பெயின்ட் நனைந்த சுவரின் மேல்தான் விழுகிறது. மாசி, பங்குனி வெயிலில் சுவர் உள்வரை காய்ந்த பிறகு அடியுங்கள்.