நீராவியில் நிற்காத ஜியோலைட்

ஜியோலைட் என்கிற, எண்ணெயை உடைக்கும் நுண்துளைப் படிகப் பொடியைச் செய்து சோதித்த வரைபடம் ஒன்றை மாதத்துக்கு ஒருவராவது எனக்கு அனுப்பிவிடுவார். பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். சில சமயம் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் இளம் பொறியாளர்கள். "சார், நாங்கள் தயாரித்த ஜியோலைட் கன எண்ணெயில் 80 சதவீதத்தை உடைக்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் கொண்டுபோய்க் காட்டலாமா?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "நீராவியில் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள்?"

பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியே இருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வருட உழைப்பு அந்த வரைபடத்தில் இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜியோலைட் ஆலையில் எங்கே போய் வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு கனமான ஒரு பகுதி மிஞ்சும். அதை அப்படியே விற்றால் விலை கிடைக்காது. அதைப் பெட்ரோலாகவும் சமையல் வாயுவாகவும் உடைத்துத் தருவது எஃப்சிசி (பாயும் வினையூக்கியால் உடைக்கும் முறை) யூனிட். மணலியிலும் ஒன்று ஓடுகிறது. அதற்குள் சுற்றுகிற வினையூக்கியை நாங்கள் 'கேட்டலிஸ்ட்' என்றுதான் சொல்வோம். கோலமாவை விட நைஸான வெள்ளைப் பொடி, அதில் ஒரு மணி, அதாவது ஒரு துகள், சராசரியாக 70 மைக்ரான். உள்ளே காற்று போனால் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த மணிக்குள் ஒரு பங்குதான் ஜியோலைட். மீதி கயோலின் களிமண், அலுமினா, எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் பசை.

இந்த மணி ரைசர் என்கிற செங்குத்துக் குழாயில் சூடான எண்ணெயைச் சந்திக்கிறது. ஏறத்தாழ 530 டிகிரி செல்சியஸ். இரண்டு மூன்று நொடியில் எண்ணெய் உடைந்து ஆவியாக மேலே போய்விடும். மணியின் மேல் கரி படிந்துவிடும். ஒட்டியிருக்கும் எண்ணெயை நீராவி அடித்துக் கழுவி, ரீஜெனரேட்டருக்கு அனுப்புவார்கள். அங்கே 700 டிகிரி வாக்கில் கரி எரிகிறது. கரியோடு இருக்கும் ஹைட்ரஜனும் எரிந்து நீராவி ஆகிறது. ஆக, போகிற இடமெல்லாம் நீராவி. இந்தச் சுற்று சில நிமிடங்களில் முடிந்து மறுபடி தொடங்கும். ஒரு மணி ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல் சுற்றும். அப்படியே வாரக்கணக்கில் ஓட வேண்டும்.

உங்கள் ஜியோலைட் பிறந்த அன்று எப்படி இருந்தது என்பதை ஆலைக்காரர் கேட்க மாட்டார். பத்தாவது நாள் எப்படி இருக்கும் என்றுதான் கேட்பார். தினமும் கொஞ்சம் பழையதை வெளியே எடுத்து, கொஞ்சம் புதியதைச் சேர்ப்பார்கள். எனவே யூனிட்டில் சுற்றுவது எப்போதும் பல வயதுக் கலவை. அதற்கு ஈ-கேட் என்று பெயர். புது கேட்டலிஸ்ட்டோடு எண்ணெய் தனியாகச் சந்திக்கும் நேரமே அங்கே கிடையாது.

எஃப்சிசிக்குப் பயன்படுவது ஒய் ஜியோலைட். சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனால் கோக்கப்பட்ட கூண்டு. வாசல் சுமார் 7.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்), உள்ளே அறை 13 ஆங்ஸ்ட்ராம் வாக்கில். நல்ல மாதிரி என்றால் ஒரு கிராமின் உள்பரப்பே 700 சதுர மீட்டர் இருக்கும். ஐந்து கபடிக் களத்தை ஒரு கிராம் பொடிக்குள் மடித்து வைத்தது போல. அமிலத்தன்மை அந்த அலுமினியத்தால் வருவது. எண்ணெயை உடைப்பது அந்த அமிலம். உயர் வெப்பத்தில் நீராவி போய் முதலில் பிடுங்குவதும் அதே அலுமினியத்தைத்தான். கொஞ்சம் பிடுங்கினால் கூடு சற்றே சுருங்கி நிற்கும். அளவுக்கு மீறினால் கூடே சரிந்துவிடும். சரிந்த பிறகும் கண்ணுக்கு அதே வெள்ளைப் பொடிதான். எக்ஸ்ரே கதிரில் வைத்தால்தான் உண்மை தெரியும். எக்ஸ்ரே வரைபடத்தில் 6 டிகிரி கோணத்துக்குக் கொஞ்சம் மேலே கோபுரம் மாதிரி நிற்க வேண்டிய உச்சி, மேடுமாதிரி தணிந்து கிடக்கும்.

புதிதாய்ச் செய்த ஜியோலைட்டை நான் பச்சைப் பானை என்றுதான் மாணவர்களிடம் சொல்வேன். வடிவம் எல்லாம் சரியாக இருக்கும். தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும். சூளைக்குப் போய் வந்த பிறகுதான் அது பானை. ஒய் ஜியோலைட்டுக்கும் ஒரு சூளை உண்டு. சோடியத்தை எடுத்துவிட்டு, அளவான நீராவியில் சுட்டு, அலுமினியத்தைக் கொஞ்சம் வெளியேற்றினால் கூடு இன்னும் உறுதியாகிறது. அழிக்கிற நீராவியே அளவோடு கொடுத்தால் காக்கவும் செய்கிறது. இப்படி உறுதியாக்கிய ஒய் ஜியோலைட்டைத்தான் உலகெங்கும் ஆலைகள் பயன்படுத்துகின்றன.

இந்த அறிவு லேசில் வந்ததல்ல. 1756-இல் சுவீடனின் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சுட, அது கொதிப்பது போல் நீரைக் கக்கியது. 'கொதிக்கும் கல்' என்ற பொருளில் ஜியோலைட் என்று பெயர் வைத்தார். அதை ஆய்வகத்தில் செய்யும் வேலையை 1940-களில் பிரிட்டனில் ரிச்சர்ட் பேரர் முன்னெடுத்தார். அமெரிக்காவில் யூனியன் கார்பைடில் ராபர்ட் மில்டன் 1949-இல் இறங்கி ஏ, எக்ஸ் ஜியோலைட்டுகளைத் தந்தார். அதே இடத்தில் டொனால்ட் பிரெக் ஒய் ஜியோலைட்டைச் செய்தார். அங்கே 1952-இல் சேர்ந்த ஈடித் ஃப்ளானிகன் பின்னாளில் எத்தனையோ புதிய கூண்டுகளை உருவாக்கி, தொழில்துறை வேதியியலுக்கான பெர்கின் பதக்கத்தை 1992-இல் பெற்ற முதல் பெண் ஆனார். எண்ணெய் ஆலைக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் மொபில் நிறுவனத்தின் சார்ல்ஸ் பிளாங்க், எட்வர்ட் ரோசின்ஸ்கி. அதுவரை ஓடியது சாதாரண சிலிக்கா-அலுமினா. அதனோடு ஒப்பிட்டால் ஜியோலைட்டின் வேகம் பல ஆயிரம் மடங்கு. வழக்கமான சோதனையில் அளக்கவே முடியவில்லை. அவ்வளவு வேகத்தை ஆலை தாங்காது. எனவே சோடியத்தை லாந்தனம் போன்ற அரிய மண் உலோகங்களால் மாற்றி, நீராவியில் பக்குவப்படுத்தி, சிறிதளவே எடுத்து மற்ற பொருளுக்குள் புதைத்துக் கொடுத்தார்கள். 1962-இல் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்கினார்கள். இன்றைய வரைபடங்களில் நான் தேடுவதும் அந்த விட்டுக்கொடுப்பைத்தான்.

சரி, சோடியத்துக்கு வருவோம். என் வேலையில் மிகவும் வலித்த பாடம் அதுதான்.

ஒய் ஜியோலைட் சோடியத்தோடுதான் பிறக்கிறது. சோடியம் சிலிக்கேட், சோடியம் அலுமினேட், காஸ்டிக் எல்லாம் கலந்து, 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே ஒரு நாள் வைத்தால் படிகம் வரும். அதில் சோடியம் ஆக்சைடு 13 சதவீதம் வாக்கில் இருக்கும். அம்மோனியம் உப்புக் கரைசலில் போட்டால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். சின்ன அறைகளுக்குள் ஒளிந்திருப்பது மட்டும் வராது. ஒரு முறை சுட்டால் அது பெரிய அறைக்கு நகரும். மறுபடி அம்மோனியத்தில் போட்டுக் கழுவ வேண்டும். கடைசியில் முடிந்த கேட்டலிஸ்ட்டில் 0.3 சதவீதம் அளவுக்குக் கொண்டுவருவோம். சோடியம் மிஞ்சினால் அமிலத்தையும் கொல்லும், நீராவியோடு சேர்ந்து கூட்டையும் சரிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஆய்வகத்தில் அருமையாக வந்த ஒரு தயாரிப்பை, வெளியே ஒரு சிறு தொழிற்சாலையில் 200 கிலோ அளவில் செய்யக் கொடுத்தோம். பொடி வந்தது. உள்பரப்பு ஆய்வக மாதிரியோடு அச்சாக ஒத்துப்போனது. மேட் சோதனையும் செய்தோம். 4 கிராம் கேட்டலிஸ்ட் மேல் 75 நொடி எண்ணெய் செலுத்திப் பார்க்கும் சோதனை அது. அதிலும் நல்ல எண். எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் 815 டிகிரியில் முழு நீராவியில் வைத்தோம். மறுநாள் எடுத்து அளந்தால், ஆய்வக மாதிரியில் நின்ற பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கருவி பழுதோ என்று இரண்டு தடவை அளந்தேன். சோடியம் பார்த்தோம்: 0.8 சதவீதம்.

நேரில் போனேன். பொடியை வடிகட்டிக் கழுவும் ஃபில்டர் பிரஸ் பக்கத்தில் நின்ற மூத்த ஆபரேட்டரிடம், "அண்ணே, கழுவினதெல்லாம் டி.எம். தண்ணியிலதானே?" என்று கேட்டேன். டி.எம். என்றால் உப்பு நீக்கிய தண்ணீர். அவர் ஒளிக்கவில்லை. "டி.எம். பிளாண்ட் ரெண்டு நாளா நின்னுபோச்சு சார். முதல் வாஷ் எல்லாம் சரியாத்தான் பண்ணோம். கடைசி ரெண்டு வாஷ் மட்டும் போர் தண்ணில அடிச்சோம். சும்மா அலசறதுதானேன்னு நெனச்சோம்."

கடலுக்குப் பக்கத்து ஊர். போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். அம்மோனியம் ஏறிய ஜியோலைட்டின் மேல் அந்தத் தண்ணீரை ஆயிரக்கணக்கான லிட்டர் விட்டால், தண்ணீரில் இருக்கும் சோடியமும் கால்சியமும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு நாள் பாடுபட்டு வெளியேற்றியதை இரண்டு மணி நேரத்தில் திரும்ப ஏற்றியிருக்கிறோம். தவறு அவருடையது என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த செய்முறைத் தாளில் 'தண்ணீரில் கழுவவும்' என்று மட்டும்தான் இருந்தது. எந்தத் தண்ணீர், எவ்வளவு உப்பு வரை என்று எழுதாமல் விட்டது நாங்கள்.

இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது வேறு ரூபத்தில் தெரியும். குளத்தில் அம்மோனியாவை இழுக்க ஜியோலைட் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். உப்புநீரில் சோடியம் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நல்ல தண்ணீரில் இழுக்கிற அளவுக்கு அது அங்கே அம்மோனியாவை இழுக்காது. வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

நீராவியும் சோடியமும் தாண்டினால் உலோகங்கள் வரும். கன எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் உண்டு. நிக்கல் கூட்டை அவ்வளவாக உடைக்காது. ஆனால் எண்ணெயிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி, கரியையும் தேவையில்லாத வாயுவையும் கூட்டும். வனேடியம் மோசம். ரீஜெனரேட்டர் வெப்பத்தில் அதன் ஆக்சைடு உருகி நகரும். சோடியம் கூட இருந்தால் இன்னும் சீக்கிரம் ஜியோலைட்டைத் தின்னும். எனவே வெறும் நீராவி சோதனையும் போதாது. நிக்கல், வனேடியம் ஏற்றிய பிறகு நீராவியில் வைத்த எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் ஆலைக்காரர் தாளைக் கீழே வைக்காமல் படிப்பார்.

லாந்தனம் போன்ற அரிய மண் உலோகங்களைக் கூண்டுக்குள் ஏற்றினால் நீராவியை நன்றாகத் தாங்கும். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு தயாரிப்பை வடிவமைக்காதீர்கள். 2010-இல் சீனா ஏற்றுமதியைக் குறைத்ததும், 2011-இல் லாந்தனம் விலை பல மடங்கு எகிறியது. உலகம் முழுக்க கேட்டலிஸ்ட் தயாரிப்பாளர்கள் அதைக் குறைக்க வழி தேடி ஓடினார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்திலும் லாந்தனம் இருக்கிறது. அந்த மணலை அள்ளுவது பற்றி அந்த ஊர் மக்களுக்கு இருக்கும் கவலை தனியாக, விரிவாகப் பேச வேண்டியது.

இசட்எஸ்எம்-5 பற்றியும் ஒரு வார்த்தை. 1972-இல் காப்புரிமை பெற்ற இந்த ஜியோலைட்டின் வாசல் ஐந்தரை ஆங்ஸ்ட்ராம்தான். நேரான சின்ன மூலக்கூறுகள் மட்டும் நுழைந்து, புரொப்பிலீனாகவும் சமையல் வாயுவாகவும் உடையும். நாடு தன் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும்போது, இதைக் கொஞ்சம் கூடச் சேர்ப்பது நேராக வீட்டு அடுப்புக்குப் போகும் லாபம்.

ஆய்வகத்தில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இன்னொன்று. நன்றாக உலர்ந்த ஜியோலைட் தண்ணீரைப் பார்த்ததும் சூட்டைக் கக்கும். உலர்த்தப் பயன்படும் ஜியோலைட் மணிகளை ஈரக் கையில் அள்ளினால் கை காந்தும். கண்ணில் பட்டால் ஆபத்து. ஈ-கேட் பொடியில் நிக்கல் இருக்கிறது, நைஸான தூசி நுரையீரல் வரை போகும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. சரியான முகமூடி போடுங்கள், சாம்பிள் எடுக்கும் ஒரு நிமிட வேலைக்கும்.

அந்த 200 கிலோவில் மிச்சம் இருந்ததை நாங்கள் தூக்கிப் போடவில்லை. மறுபடி அம்மோனியம் கரைசலில் போட்டு, இந்த முறை கழுவும் தண்ணீரின் கண்டக்டிவிட்டி (உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் அளவு) 20 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தோம். சோடியம் இறங்கியது. நீராவிக்குப் பிறகு பரப்பு ஆய்வக மாதிரிக்குப் பக்கத்தில் வந்தது.

அடுத்த தொகுதி ஓடிய அன்று இரவு பத்தரை மணிக்கு அதே ஆபரேட்டர் எனக்கு போன் செய்தார். "சார், கடைசி வாஷ். மீட்டர் 12 காட்டுது. அடிக்கலாமா?"

"அடிங்கண்ணே" என்றேன்.